குடமும் குன்றும்

சரயேவோவில் வீடுகள் இரண்டு வகை:
டிராம் எட்டும் வீடு, டிராம் எட்டாத வீடு.
காலை ஏழுக்கு ஸும்ரா நோயாளிப் பட்டியலைக் குறுக்கே கிழிப்பாள்.
ஆற்றோரம் எல்லாம் அவ்தோவுக்கு.
மேடு எல்லாம் எனக்கு:
செட்ரெனிக்கில் ஒன்பது இன்சுலின்,
வ்ரத்னிக்கில் மார்ச்சிலிருந்து ஆறாத ஒரு கால்.

என் மோட்டார் பெடல்களுக்கு நடுவில்.
மிதித்தால்,
எவ்வளவு மிதித்தாய் என்று முதலில் கேட்கும்.
கேட்ட பிறகே
அதைப்போல் மூன்று மடங்கு தரும்.
நான் ஒன்றும் தராத நாளில் அதுவும் ஒன்றும் தராது.
பின்னால் பெரிய பல்லுக்கு மாற்றிவிட்டால் போதும்,
சுவரில் சாய்த்த ஏணி போன்ற தெருவையும்
முணுமுணுத்துக்கொண்டே ஏறிவிடும்.

அவனுடையது பின்சக்கரத்தின் குடத்துக்குள்.
கட்டைவிரலால் ஒரு தள்ளு.
கேள்வி கிடையாது, கிளம்பிவிடும்.
பார்சலில் வந்ததைச் சமையலறையில் வைத்தே பூட்டினான்;
காலிப் பெட்டியைப் பூனை எடுத்துக்கொண்டது.

குடத்திலிட்ட விளக்கு, குன்றுக்கு ஆகாது என்பேன்.
வருஷத்துக்கு எத்தனை செயின் தின்கிறது உன் வண்டி என்பான்.
மூன்று.
எனக்கு நாலு வருஷமாய் ஒன்றே.
அதுவும் அறுந்தால் என்ன, செயினே இல்லாமல் வீடு சேர்ப்பேன்.
பின்சக்கரம் பஞ்சரானால்? என்பேன்.
வயரைக் கழற்றி, பதினெட்டு நம்பர் ஸ்பானரைத் தேடி,
உருண்டோடிய வாஷரைச் சாக்கடையில் துழாவிய
அந்த ஒரு மழைநாளை நினைத்துக்கொண்டு
காபியைக் கலக்குவான்.
சர்க்கரை போட்டிருக்கமாட்டான்.

நவம்பரில், ஐந்து மணிக்கே இருட்டு.
கடைசி வீட்டுக்கு இரண்டு வளைவு இருக்கையில்
செயின் அறுந்தது.
மோட்டார் சுற்றியது, சக்கரத்துக்குச் சேதி போகவில்லை.
பேட்டரியில் எழுபது சதவீதம்.
பெட்டி நிறையப் பணம்,
சாவி கிணற்றில்.

தள்ளிக்கொண்டே போய் ஊசி போட்டேன்.
ஹய்ரியா அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

அவ்தோவைக் கூப்பிட்டேன்.
நூறு தடவை சொன்ன வாக்கியத்தை
நூற்றியோராவது தடவை சொல்லிவிட்டுக் கிளம்பினான்.
இருபது நிமிடம் கழித்து அவனே கூப்பிட்டான்.
"பாதியில் நிற்கிறேன்.
குடம் கொதிக்கிறது.
வார்னிஷ் தீய்ந்த வாடை."

சரி என்று சீட்டில் உட்கார்ந்தேன்.
பிரேக்கை விட்டேன்.

இறக்கத்துக்கு எந்த மோட்டாரும் வேண்டாம்
என்பதை இத்தனை வாதத்தில்
ஒருவரும் சொல்லவில்லை.
காதில் காற்று, கீழே ஊரின் விளக்குகள்,
வெள்ளைக் கல்லறைகளின் வளைவில்
அவன் குந்தி உட்கார்ந்து
பின்சக்கரத்துக்கு விசிறிக்கொண்டிருந்தான்
கிழித்த பட்டியலால்,
பிரசவ அறை வாசலில் நிற்பவன் முகத்தோடு.

இருவரும் ஒன்றும் பேசாமல்
ஆறு வரை உருண்டோம்.

சமதரையில் அவன் குடம் ஆறியிருந்தது.
என் பையில் கிரேப் பேண்டேஜ்.
அவன் சீட்டுக்கம்பியில் ஒரு முனை, என் ஹேண்டிலில் ஒரு முனை.
அவன் கிளம்பினால் நீண்டது;
நீண்டு, யோசித்து,
பிறகு என்னை இழுத்தது.
பிடிமானம் இல்லாத கயிறுதான்,
ஆனால் டிராம்காரன் மணியடித்து
வழிவிட்டான்.

மறுநாள் பட்டியலை ஸும்ரா
அதே இடத்தில்தான் கிழித்தாள்.
என் பையில் இப்போது செயின் இணைப்பு இரண்டு.
ஒன்று அவனுக்கு எதற்கு என்று கேட்டு
அவனும் வாங்கிக்கொண்டான்.

மாதக் கடைசியில் கணக்கு இடித்தது.
"கிரேப் ஒன்று குறைகிறது. எந்த நோயாளி?"
இரண்டு பேர் என்றேன்.
"காயம் எங்கே?"

அவ்தோ காபியிலிருந்து தலை தூக்கவில்லை.
"இவங்களுக்கு நடுவில்," என்றான்.
"எனக்குப் பின்னால்."